நம்பு

சின்னப்பாலத்தில் தெருவுக்கு இரண்டு நம்பு உண்டு.
நம்புராஜன், நம்புக்கனி, வெறும் நம்பு.
நம்புநாயகிக்கு நேர்ந்து வைத்த பெயர்கள்.
நான் வெறும் நம்பு.
பாம்பன் பஸ் நிறுத்தத்துப் பக்கம்
இ-சேவை மையத்தில் இருக்கிறேன்.
பிரிண்டர் என் பேச்சைக் கேட்காது,
மற்றபடி வேலை தெரியும்.

தடைக்காலம். விசைப்படகுகள் கயிற்றில் கிடந்தன.
ஜீப்பில் வந்த அதிகாரி
மீனவர் சங்கக் கட்டடத்தில்
மைக்கை ஊதிப் பார்த்துவிட்டு
எடுத்த எடுப்பில் சொன்னார்:
'யாரையும் நம்பாதே!'
பின்வரிசையில் மூன்று பேர்
நிமிர்ந்து பார்த்தோம்.

உலகம் முழுக்க இப்போது இதுதானாம்,
பூஜ்ய நம்பிக்கை என்று பெயராம்.
கண்டுபிடிக்க எத்தனை கோடி ஆனதோ.
எங்கள் ஏலக்கூடத்தில்
தராசை ஒருதரம் தூக்கிப் பார்க்காமல்
யாரும் நண்டு விற்றதில்லை.

துண்டுத்தாள் கொடுத்தார்கள்:
முன்பின் தெரியாத கட்டத்தை ஸ்கேன் செய்யாதீர்.
மேலும் விவரங்களுக்கு
கீழே ஒரு கட்டம்.

திரையில் திருடனைக் காட்டினார்கள்.
தலையில் முக்காடு, முகம் இருட்டு,
முதுகுக்குப் பின்னால் பச்சை எண்கள் தூறின.
சேதுபாக்கியத்தின் எட்டாயிரத்தை எடுத்தவள்
அப்படி இல்லை.
பகல் பதினொரு மணிக்குக் கூப்பிட்டாள்.
'அக்கா, சாப்டீங்களா?
நிவாரணம் பாதில நிக்குது.
ஒரு நம்பர் வரும், சொல்லுங்க.'
சொல்லிவிட்டாள்.
என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றபோது
அழக்கூட இல்லை.
'ஒன் பேச்சு மாதிரியே இருந்துச்சு நம்பு.'

இருக்கும்தானே.
நாள் முழுக்க நான் கேட்பதும்
அதே ஆறு இலக்கம்தான்.
அதே அக்கா, அதே சாப்டீங்களா.

புகார் எண்ணுக்கு அடித்தோம்.
இணைப்புக்கு முன்னால் ஒரு குரல் எச்சரித்தது:
ஏமாறாதீர்கள்.
இரண்டு பேரும் முழுதாகக் கேட்டோம்.

போன ஐப்பசியில் காற்று திரும்பிய இரவு
கடலில் இருந்த தம்பியைக் கூப்பிட்டபோதும்
அதே குரல்தான் முதலில் எடுத்தது.
துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றியிருந்தார்கள்.
அதையும்தான் அடிக்கடி ஏற்றுகிறார்கள்,
யார் அண்ணாந்து பார்க்கிறார்கள்.
பழகிய எச்சரிக்கை சோற்றில் மணல்;
கடிபட்டால்தான் தெரியும்.

பிறகு விரல் வைக்கும் கருவி வந்தது.
அசைக்க முடியாத பாதுகாப்பு
என்று அட்டைப்பெட்டியில் இருந்தது.
சேதுபாக்கியத்துக்குப் பாசி எடுக்கும் விரல்.
பாறையும் சிப்பியும் சீவிச் சீவி
துணி சுற்றியும் மிஞ்சாத ரேகை.
மீண்டும் முயற்சிக்கவும்.
துடைத்து, தேங்காயெண்ணெய் தடவி,
மீண்டும் முயற்சிக்கவும்.

தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை
கடவுச்சொல்லை மாற்றச் சொல்கிறது சுற்றறிக்கை.
நான் கடைசியில் ஓர் எண்ணைக் கூட்டிவிட்டு
தினசரி காலண்டர் அட்டைக்குப் பின்னால்
எழுதிவைக்கிறேன்.
ஒழுங்காக மாற்றுகிறவள் இவள் ஒருத்திதான்,
பத்து விரலிலும்.
கருவிக்குத்தான் பிடிக்கவில்லை.
அடுத்தது கண் என்கிறார்கள்.
உப்பில் சிவந்து கிடக்கிறது அவள் கண்.
இந்த விரலும் கண்ணும் எங்கோ ஒரு கணினியில்
களவுபோனால்
எந்தக் கடையில் புதிது வாங்க?
அதிகாரியிடம் கேட்டேன்.
நல்ல கேள்வி என்று குறித்துக்கொண்டார்.

இன்று காலை மறுபடி வந்தாள், ஏதோ புதிய திட்டம்.
எண் வரவில்லை.
கரையோரம் நடந்து வந்தால்
அக்கரை டவர் போனில் வந்து ஒட்டிக்கொள்கிறது.
இலங்கை அன்புடன் வரவேற்கிறது
என்றது திரை.
பத்து நிமிடத்தில் செத்துவிடும் எண்
எந்த நீரோட்டத்தில் கிடக்கிறதோ.

கடைசியில் டிங் என்றது.
இதை யாரிடமும் பகிர வேண்டாம்,
எங்கள் ஊழியர் கேட்டாலும்.
அவளுக்கு வாசிக்க வராது.
நீர் வத்துகிற நேரம்,
வல்லம் கிளம்பிவிடும்.
போனை என் மேஜைமேல் வைத்துவிட்டு
விரலில் துணி சுற்றத் தொடங்கினாள்,
சுண்டுவிரலிலிருந்து.
'நீயே பாத்துப் போடு, நம்பு.'