ஒன்றரை சிப்ட்

லேபிளைப் படித்ததுதான் தப்பு.

பாண்டியன் நகர் கம்பெனியில் செக்கிங் டேபிள் எனக்கு.
நூல் பிசிறு, எண்ணெய்க் கறை, ஊசி விட்ட ஓட்டை
இதைப் பார்க்கத்தான் சம்பளம்,
எழுத்தைப் பார்க்க அல்ல.
ஆனாலும் பத்தாவது வரை போன கண் சும்மா இருக்குமா.

புது ஆர்டர்:
இடுப்பில் பிடிப்பில்லை, கையில்லை,
கோணிப்பைக்குக் கழுத்து வைத்தது போல் ஒரு கவுன்.
அட்டையில் அதன் பெயர், சிப்ட்.

"ஏனுங் சென்னியப்பண்ணா,
நாம பாக்கறதும் சிப்ட்டு,
தைக்கறதும் சிப்ட்டுங்களா?"

"பீஸ் கொறையுது அம்மிணி" என்றார்.

டீ டைமில் மெர்ச்சண்டைசர் பையன் ஹரிசுதன்
தேங்காய் பன்னைக் கடித்துக்கொண்டே
போனில் தேடினான்.
ஆயிரம் வருசத்துக்கு முன்னால், ஏதோ குளிர் நாட்டில்,
அந்தச் சொல்லுக்கு அர்த்தம்
பிரித்து வைப்பது, பங்கு போடுவது.
அப்புறம் மாற்றுவது, நகர்வது.
அப்புறம்
அழுக்கானால் கழற்றி மாற்றும் பெண்கள் உள்ளாடை.
அதன் பழைய பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டவர்கள்
இந்தப் பெயரில் சொன்னார்களாம்.
இந்த இடத்தில் அவனும் கூச்சப்பட்டு
போனை என் கையில் கொடுத்துவிட்டான்.

மீதியை நானே எழுத்துக்கூட்டினேன்.
தந்திரம், சாக்கு என்றும் ஓர் அர்த்தம்.
அடுத்த வாரம் கூட்டித் தர்றேன் என்று
மூன்று மாசமாகச் சொல்கிறார்களே, அது.
ஆள் மாற்றி ஆள் வேலை பார்ப்பது
ரொம்பப் பிந்தி வந்து சேர்ந்திருக்கிறது.
அவன் கம்ப்யூட்டரில்
சின்ன எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் கட்டைக்கும் இதே பெயர்.
எங்கள் டேபிளில் அப்படியொரு கட்டை இல்லை.

பக்கத்து டேபிள் மினதி, ஒடிசாக்காரி,
என்ன என்று கண்ணால் கேட்டாள்.
"சிப்ட்டு தமிழ் இல்லையாம்" என்றேன்.
நம்பவில்லை.
இந்த ஊருக்கு வந்து அவள் கற்ற முதல் தமிழ் அதுதான்.
இன்னும் ஒரு படி மேலே,
ஊரில் அவள் அம்மாவுக்குத் தெரிந்த ஒரே தமிழும் அதுதான்.
ராத்திரி போன் எடுத்ததும் கிழவி கேட்பாளாம்:
"சிப்ட்டு?"

அப்படியென்றால் தமிழில் என்ன, சொல் என்றாள்.
எனக்கு வாய் வரவில்லை.
வீட்டுக்குப் போகும் வழியில்,
பெருமாநல்லூர் ரோட்டைத் தாண்டும்போது வந்தது:
முறை.
பல்லடத்துப் பக்கம் அப்பனுக்கு
வாய்க்கால் தண்ணி முறை ராத்திரி ரெண்டு மணிக்கு.
தூங்கிவிட்டால் சோளம் போச்சு.
பொண்ணு பார்க்க வந்தவரையும்
மாமன் முறை என்றுதான் சொன்னார்கள்.
நேரத்துக்கும் ஒறம்பரைக்கும் ஒரே சொல்,
நல்ல கஞ்சத்தனம்.

மாமன் முறைக்காரருக்கு வீரபாண்டியில் டையிங்,
நைட்டு.
எட்டு மணிக்குக் கிளம்புவார்.
நான் ஒன்றரை சிப்ட் முடித்து வர எட்டே முக்கால்.
லைன் வீட்டில் கட்டில் ஒன்று,
அதற்கும் ரெண்டு சிப்ட்.
அவர் நகத்தில் இந்த வாரம் நீலம் என்பது
குளியலறைச் சோப்பைப் பார்த்து எனக்குத் தெரியும்.
ஒன்றரை பார்த்தால் அவரைப் பார்க்க முடியாது.
ஒன்று பார்த்தால் சீட்டுப் பணம் கட்ட முடியாது.

பங்கு போடுவது.
அந்த முதல் அர்த்தம்
நூல் பிசிறு மாதிரி
விரலிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது.

வியாழக்கிழமை அஞ்சரைக்குப் பையை எடுத்தேன்.
"அரை சிப்ட்டு?" என்றார் சென்னியப்பண்ணன்.
"பிரிச்சு வெச்சுட்டேனுங்க" என்றேன்.
அவருக்கு விளங்கவில்லை.

வீட்டில் அவர் தலை சீவிக்கொண்டிருந்தார்.
கண்ணாடியில் என்னைப் பார்த்ததும்
வகிடு கோணிவிட்டது.
தக்காளி ரசம் வைத்தேன்.
பேச ஒன்றும் பெரிதாக இல்லை.
கேஸ் சிலிண்டர் பேசினோம்.
எட்டு மணிக்கு, பொழுது மாறாமல், கிளம்பினார்.

சனிக்கிழமை சம்பளக் கவரில்
ஒன்பது இருக்க வேண்டிய இடத்தில்
எட்டரை.
"என்னாச்சுங்க, அன்னிக்கு ஒடம்பு சரியில்லையா?"
என்றாள் ஆபீஸ் பொண்ணு.

"இல்லீங்க,
நல்லாத்தான் இருந்துச்சு."