பார்வையாளர் அட்டை

வேலந்தாவளம் முதல் கொழிஞ்சாம்பாறை வரை
நாற்பத்திரண்டு எடைமேடைகளில்
என் மென்பொருள் ஓடுகிறது.
ஓடியது என்று எழுத வேண்டும்;
ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அவை ஃபெபினுடையவை.

எனக்கு ஒரே ஒரு பெயர் தந்தார்கள்.
கஞ்சிக்கோட்டில். புகைபோக்கி மூன்று,
கேட் நான்கு, நாளைக்கு அறுநூறு லாரி.
"இனி நீ எண்டர்பிரைஸ்" என்றார் மேலாளர்.
சம்பளம் கூடியது. கேக் வெட்டினோம்.
கேக்கில் என் பெயர் சரியாக இருந்தது.

முன்பு எப்படி விற்றேன் என்றால்,
மன்னாடியார் எண்ணெய் மில்லில்
கொப்பரை மூட்டைமேல் லேப்டாப்பை வைத்து
கால்மணி நேரம் காட்டுவேன்.
அவர் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.
"ராத்திரி பிரிண்டர் நின்னா யாரக் கூப்பிடறது?"
"என்னை."
செக்புத்தகம் சட்டைப்பையிலேயே இருந்தது.
விலை, ஒப்புதல், கையெழுத்து, வசவு
எல்லாம் ஒரே ஆள்.
பேரம் முடிந்தபோதும் டீ சுட்டது.

இங்கே பதினோரு பேர்.
ஆம் சொல்லப் பதினோரு பேரும் வேண்டும்;
இல்லை சொல்ல ஒருவர் போதும்,
அதையும் யாரும் சொல்வதில்லை.
உள்ளே பேசிவிட்டுச் சொல்கிறோம், என்பார்கள்.
உள்ளே என்பது எங்கே இருக்கிறதென்று
ஐந்து மாதம் தேடினேன்.
கொள்முதல் கொச்சியில்.
சட்டம் மும்பையில்.
தகவல் பாதுகாப்பு வெறும் மின்னஞ்சல் முகவரி;
அது இருநூற்றுப் பதினான்கு கேள்விகள் அனுப்பியது.
நூற்று எண்பத்தேழாவது:
நிலநடுக்கம் வந்தால் உங்கள் நிறுவனம் என்ன செய்யும்?
வெளியே ஓடும் என்று எழுதி, அழித்து,
மூன்று பக்கம் எழுதினேன்.

நாங்கள் வேண்டுமென்ற ஒரே ஆள்,
கிடங்கு மேலாளர் ரெஜி குரியாக்கோஸ்,
ஆகஸ்டில் குஜராத்துக்கு மாற்றலானார்.
வழியனுப்பு விருந்துக்கு என்னையும் அழைத்தார்கள்.
அடைப் பிரதமன் நன்றாக இருந்தது.
அவர் இடத்துக்கு வந்தவர் கேட்டார்:
"நீங்கள் யார்?"

வெள்ளிதோறும் கோவையிலிருந்து அழைப்பு.
எப்போது முடியும்?
திரையில் அதற்கென்று ஒரு கட்டம்.
ஜூன் முப்பதை அழித்து செப்டம்பர் முப்பது,
அதையும் அழித்து டிசம்பர்.
வாய்ப்பு நாற்பது சதவீதம் என்று போடுவேன்.
நாற்பது என்பது
பொய்க்கும் வெட்கத்துக்கும் நடுவில் உள்ள எண்.

வாளையாரில் செக்போஸ்ட் இருந்த நாட்களில்
பஸ் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன்:
வண்டிக்கு அடியில் தூளி கட்டித் தூங்கும் கிளீனர்கள்,
ஸ்டவ் மூட்டிச் சோறு வடிக்கும் டிரைவர்கள்.
ஜிஎஸ்டி வந்தது, அந்த வரிசை காணாமல் போனது.
எங்கே போனதென்று இப்போது தெரிகிறது.
நான்காம் கேட் காத்திருப்பறையில்
நீல நாற்காலிகள் எட்டு.
மூன்றாவது என்னுடையது.
கணவாய்க் காற்று கதவிடுக்கில் நுழைந்து
என் விலைப்பட்டியலைப் புரட்டிப் பார்க்கும்.
இதுவரை பார்த்தது அது மட்டும்தான்.

நவம்பரில் ஒரு ஞாயிறு மன்னாடியார் அழைத்தார்.
பிரிண்டர்.
ஃபெபின் கோட்டயத்தில், கல்யாண வீட்டில்.
என் கணக்கு இல்லை; போகக்கூடாது; போனேன்.
உருளையில் சிக்கிய தாளை உருவும்போது கேட்டார்:
"இந்த மாசம் எத்தனை வித்தே?"
"ஒண்ணுமில்ல."
"போன மாசம்?"
"இல்ல."
"அப்பச் சம்பளம்?"
"வருது. ஏத்திக் குடுத்திருக்காங்க."
வெகுநேரம் யோசித்தார்.
"எனக்கும் அந்த வேலை கிடைக்குமா?"
சிரித்ததில் டீ சிந்தியது.
திரும்பும் வழியில் சிரிப்பு வேறேதோ ஆகி
வேலந்தாவளம் தாண்டும்வரை நிற்கவில்லை.

கேட்டில் வேலாயுதன்.
செக்போஸ்ட் காலத்தில் லாரிக்காரர்களுக்குப்
பேப்பர் எழுதிக் கொடுத்தவராம்.
பூங்கோதை என்றால் பூங்கொடி என்று எழுதுவார்.
திருத்துவேன். தலையாட்டுவார்.
அடுத்தமுறை பூங்கொடி.
இத்தனை மாதமும் கஞ்சிக்கோட்டில் காத்திருந்தது
பூங்கொடிதான். அவளுக்குப் பொறுமை அதிகம்.

ஜனவரி ஒன்பது.
எட்டுக் கையெழுத்து. ஒன்பதாமவர் விடுப்பில்.
நான் வாயைத் திறக்குமுன்
அட்டையை நீட்டினார் வேலாயுதன்.
நீல மை. பூங்கோதை.
நேரம் 9.40.
யாரைக் காண என்ற இடத்தில் வெறும் கோடு.

மாலையில் திருப்பித் தராமல் எடுத்து வந்துவிட்டேன்.
கட்டத்தில் மார்ச் முப்பத்தொன்று என்று போட்டேன்.