நாளது தேதியில்

அஸ்தம்பட்டி கோர்ட்டு மதிலுக்கு வெளியே
நீலத் தார்ப்பாய்க்கடியில் என் கம்ப்யூட்டர்.
பக்கத்துக்கு இருபது ரூபாய்,
அவசரமென்றால் இருபத்தைந்து.
ஏற்காட்டுப் பக்கம் கறுத்தால்
முதலில் பிரிண்டரைத்தான் மூடுவேன்.
பதினான்கு வருஷமாக
மேற்படி மனுதாரர், மேற்படி எதிர்மனுதாரர்,
மேற்படி சொத்தின் நான்கெல்லை.
எத்தனையோ வாய்க்கால் சண்டைகளை
வடக்கு தெற்காகப் பிரித்து
அடித்துக் கொடுத்திருக்கிறேன்.

மகள் லா படிக்கணும் என்றாள்.
நாடு முழுக்க ஒரே நாளில் எழுதுவார்களாம்,
கிளாட்.
நாலு ரோட்டுக் கோச்சிங் சென்டரில் ஏசி இருந்தது.
கண்ணாடிக் கதவில் சிரிக்கும் பிள்ளைகள்.
எழுபத்தெட்டாயிரம், ஜிஎஸ்டி தனி.
ரிசப்ஷனில் தந்த மிட்டாயைப்
பிரிக்காமல் பையில் போட்டுக்கொண்டு
படியிறங்கினோம்.

வஹிதா எனக்கு பாக்கி.
ஜூனியர் வக்கீல், கோட்டு ஒன்றுதான்.
சீனியர் தருவது பெட்ரோலுக்கு,
அதுவும் ரிசர்வ் வரைக்கும்.
என் நோட்டில் அவள் பக்கம்
ஆயிரத்து முந்நூற்று நாற்பதில் நிற்கிறது.
"நீங்க அந்தப் பரீட்சை எழுதினவங்கதானே?"
"எழுதினேன்கா. ரெண்டு தடவை."
கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை.
கிடைத்திருந்தால் என் தார்ப்பாயில்
அவளுக்கு என்ன வேலை?

மணிக்கு நூற்றைம்பது என்றேன்.
இருநூறு என்றாள்.
நூற்றெழுபதில் முடிந்தது, பாக்கியில் கழித்துக்கொள்வது.
டீ என் கணக்கு.
விளையாட்டுக்குத்தான் அடித்தேன்:
நாளது தேதியில் சேலம் மாநகரில்
முதல் பார்ட்டியும் இரண்டாம் பார்ட்டியும்
மனமொப்பி, பிறர் தூண்டுதலின்றி...
கையெழுத்துப் போட்டோம்.
சாட்சி, ஜெராக்ஸ் கடை கோவர்த்தனன்.

ஏழு மணிக்கு மேல் எங்கள் வீட்டில்.
ரசம் அடுப்பில், என் காது ஹாலில்.

விதி: அனுமதியின்றி
அடுத்தவர் இடத்தில் நுழைவது அத்துமீறல்.
நிகழ்வு: மழைக்கு ஒதுங்கி 'அ' என்பவர்
'ஆ' என்பவரின் தாழ்வாரத்தில் நின்றார்.

"தப்பில்ல," என்றாள் மகள். "மழைதானே."
"விதியில மழை எங்க இருக்கு? காட்டு."
தேடினாள். இல்லை.
"அப்ப அத்துமீறல்தான். கால் மார்க் போச்சு."

கடுகு கருகியது.
அந்த மதிலோரத்தை
நான் யாரிடம் கேட்டேன்?
நாலு கயிறு, இரண்டு கம்பு, ஓர் ஆணி.
ஆணி அரசாங்கச் சுவரில்.

கரண்டியோடு வந்து நின்றேன்.
"அந்த 'ஆ' இருக்காரே,
அவரு போகச் சொன்னாரா, சொல்லலையா?"
வஹிதா தாளைத் திருப்பிப் பார்த்தாள்.
"அது கேள்வியில இல்லக்கா."
பிறகு பேனாவை மூடிக்கொண்டே,
"கோர்ட்டுல முதல்ல அதைத்தான் கேப்பேன்."

எட்டாம் நாள் பாக்கி தீர்ந்தது.
இருபது ரூபாய் நான் தரணும்.
ஒன்பதாம் நாளும் வந்தாள்,
கையில் ஒரு வாடகை கேஸ், ஆறு பக்கம்.
"அடிச்சு வைங்கக்கா, நோட்டுல எழுதிக்கோங்க."
அன்றிலிருந்து ஒருநாள் அவள் பக்கம் ஏறும்,
ஒருநாள் என் பக்கம்.
கூட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

நேற்று மகள் நோட்டைப் புரட்டி
மடித்து வைத்திருந்த அந்தத் தாளை எடுத்தாள்.
பென்சிலோடு படித்தாள்,
என் எழுத்தை யாரும் அப்படிப் படித்ததில்லை.

"அம்மா, இதுல முடிவுத் தேதியே போடல."
"அப்ப செல்லாதா?"
"செல்லும்னு வாதாடலாம்," என்றாள் ஒருத்தி.
"செல்லாதுன்னும்," என்றாள் மற்றவள்.
இருவரும் தாளின் மேல் குனிந்துவிட்டார்கள்.

டீ ஆறிக்கொண்டிருந்தது.
டீ என் கணக்கு.