தற்போதைய வாசிப்பு

மின்சார சபை எனக்குத் தந்த பதவி
மானி வாசிப்பாளர்.
கல்லடிப் பாலத்துக்குக் கிழக்கே ஆயிரத்து நானூறு வீடு.
வாசிப்பேன், எழுதுவேன், துண்டைக் கிழித்துக்
கேற்றில் செருகுவேன்.
நாய் இருந்தால் கத்துவேன்.
நாய் இல்லாத வீட்டிலும் கத்தத் தொடங்கியபோதுதான்
கிளினிக்கில் டொக்டர் கேட்டார்:
“ஒழுங்கா நித்திரை கொள்ளுறீங்களோ?”

பஸ் நிலையத்துக்கு முன்னால்
அறுநூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு புத்தகம் வாங்கினேன்.
அட்டையில் ஒருவர் மலையுச்சியில் கைவிரித்து நின்றார்.
அப்படி நிற்க நான் குடும்பிமலை வரை போகவேண்டும்.
ஐந்து மணிக்கு எழும்பு என்றது.
மூன்றிலிருந்து முழித்துத்தான் கிடக்கிறேன் என்று
ஓரத்தில் பென்சிலால் பதில் எழுதினேன்.
ஐந்து வருட இலக்குக்கு விட்டிருந்த ஐந்து கோட்டில்
மனுசி கடைச் சாமான் எழுதிவிட்டாள்:
சீனி, பருப்பு, நுளம்புச்சுருள்,
நுளம்புச்சுருளுக்கு இரண்டு அடிக்கோடு.

நூலகத்தில் நித்திரையைப் பற்றி ஒன்று கிடைத்தது.
பதினோராம் பக்கத்தில் நித்திரையாகிவிட்டேன்.
அதைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை.
நாளுக்கு இரண்டு ரூபாய் தண்டம், போகட்டும்.

போனில் மன அமைதிக்கு இசை என்று தேடினால்
அருவி, புல்லாங்குழல், ஒரு குயில்.
குயில் வாயைத் திறக்கிற நேரம் பார்த்து
உடனடிக் கடன், அடையாள அட்டை போதும்
என்று ஒருத்தி கூவுவாள்.

மறுகாதான் டச்பார்.

சவுக்கு மரங்களுக்குப் பின்னால்
அகஸ்ரின் வெல்டிங் வேலைத்தளம்.
பதினாலாம் திகதி என் முறை.
மத்தியானம் நெருப்பெல்லாம் அணைந்து கிடக்க
உள்ளே கீபோர்ட் சத்தம்.
ஏணியில் ஏறுவதுபோல் நாலு படி.
ஐந்தாவதில் சறுக்கும்.
திரும்பவும் முதல் படி.
மாசியில் சறுக்கியது.
பங்குனியில் சறுக்கியது.
சித்திரையில் வருசப்பிறப்பு, எனக்கும் லீவு, ஏணிக்கும் லீவு.
வைகாசியில், சொன்னால் நம்பமாட்டீர்கள்,
அதே படி, அதே சறுக்கல்.
கேட்ட எனக்கே விரல் கூசியது.
ஆனியில் மானிக்கு முன்னால் நின்று
மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன்.
ஐந்து கடந்து போனது
ஒன்றுமே நடக்காத மாதிரி.

தகரக் கதவைத் தட்டி
என்ன புத்தகம் என்று கேட்டேன்.
வேர்வையைத் துடைத்துவிட்டுக் காட்டினார்.
மகள் எறிந்துவிட்டுப் போன முதலாந்தரப் புத்தகம்,
அட்டை இல்லை, மூலையில் ஒரு முயல்.
சூடுபட்டு நகம் கறுத்த விரலை
எந்தக் கட்டையில் வைப்பதென்று
அதில் எண் போட்டிருந்தது.
“சின்னப் பிள்ளையளுக்குள்ளது தம்பி.
பகல் முழுக்க இரும்புச் சத்தம்.
காதுக்கு வேறென்னவும் வேணுமே.”
பிறகு பயந்துபோய், “பில் கூடவோ?”
குறைவுதான் என்றேன்.
யாரோ ஒருவரின் முற்றத்தில் நின்று
நான் சிரித்து எத்தனை நாள்.

புத்தகத்தையும் வாசிக்கிறோம், வீணையையும் வாசிக்கிறோம்.
அதே சொல்லைத்தான் இந்த மானிக்கும் கொடுத்திருக்கிறார்கள்.
பத்தொன்பது வருடமாகச் சட்டைப்பையில்
அந்தப் பதவியைக் குத்திக்கொண்டு திரிந்தும்
எனக்கு இது தெரியாது.

இப்போது பையில் இன்னொரு துண்டுக் கொப்பி.
முன்னைய வாசிப்பு: கத்தியது முப்பத்தொன்று.
தற்போதைய வாசிப்பு: இருபத்தாறு.
நாய்களைச் சேர்க்கவில்லை.
மனுசி எடுத்துப் பார்த்துவிட்டு
இருபத்தேழு என்று திருத்தினாள்.
சண்டை பிடிக்கலாம்.
பிடித்தால் இருபத்தெட்டு.

ஆடி பதினாலு.
அகஸ்ரின் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.
புது மெட்டு, இரண்டாம் படியிலேயே சறுக்கல்.
மானிக்குள் சக்கரம் மெல்லச் சுற்றுகிறது.
இலக்கத்தை எழுதியாயிற்று,
துண்டையும் கிழித்தாயிற்று.
இன்னும் நிற்கிறேன்.