நாற்பத்தெட்டு இலக்கங்கள்

பதினொன்றரைக்கு மேல்
ஜெலுத்தோங் சாலையில் என் கடையில் மட்டும் விளக்கு.
எதிரே கொய்த்தியாவ் வண்டிக்காரர்கூடச்
சட்டியைக் கவிழ்த்துவிட்டார்.

முப்பத்தைந்து விழுக்காடு. அணைக்காதீர்கள், என்கிறது திரை.
நான் எங்கே அணைத்தேன்?
அதுவே அணைந்து, அதுவே எழுந்து,
வட்டம் சுற்றிக் காட்டி, மறுபடி அணைந்து,
சாமி வந்தவன்போல் ஆடிவிட்டு
குறை என்னவென்று சொல்லாமலே
மலையேறிவிடுகிறது.

ஆ ஹொங்கை எழுப்பினேன்.
கொட்டாவிக்கு நடுவே, "சாபுட் டூலு" என்றான்.
எல்லாவற்றையும் முதலில் பிடுங்கு.
பிரிண்டர், வெட்டும் மெஷின், பென்டிரைவ்,
எவனோ மறந்துவிட்டுப் போன மவுஸ்.
பிடுங்கினேன்.
பொத்தானை முப்பது வினாடி அழுத்து.
விரல்நுனி வெளுக்கும்வரை அழுத்தினேன்.
மூன்று முறை பாதியில் நிறுத்து, அப்புறம் நீலம் வரும்.
வந்தது நீலம்.
நேற்று ஏறிய அப்டேட்டை மட்டும் கழற்று, வேறெதையும் தொடாதே.

கழற்றப் போனால் சாவி கேட்கிறது.
நாற்பத்தெட்டு இலக்கம்.
ஆறாறாய் எட்டுக் கட்டு.
"யார் பேரில் பதிந்தாய்?"
நான் பேசவில்லை.
"ஹா. அவனா" என்று வைத்துவிட்டான் ஆ ஹொங்.

சர்குணன் பேரில்.
கடைக்கு முன்பணம் நான், கணினி அவன் என்று
பங்கு பிரித்த காலத்து ஏற்பாடு.
பிறகு நாலாயிரத்து இருநூறு வெள்ளியை
யார் யாருக்குத் தரவேண்டும் என்பதில்
பதினாறு மாதமாய்ப் பேச்சில்லை.
இப்போது பாகானில், பாலத்துக்கு அந்தப் பக்கம்,
யாருடைய லாரிக்கோ ஸ்டிக்கர் ஒட்டுகிறான்.

காலை ஏழு மணிக்குத் தமிழ்ப்பள்ளியில் ஓட்டப்போட்டி.
முந்நூற்றிருபது பிள்ளைகள் நெஞ்சில் குத்தும் எண்கள்,
நாலு இல்லத்துக்கு நாலு நிறம்,
எல்லாம் இந்த நீலத்துக்குப் பின்னால்.

அழைத்தேன்.
இரண்டாம் மணியிலேயே எடுத்தான்.
அது எனக்குப் பிடிக்கவில்லை.
"சாவி" என்றேன்.
"இரு" என்றான்.
விசைப்பலகைச் சத்தம். பக்கத்தில் ஒரு குழந்தை இருமியது.
குழந்தையா?
கேட்கவில்லை.

"லீமா. கோசோங். தூஜூ. டூவா. தீகா. டூவா."
வங்கிக் கவுன்டரில் கூப்பிடுவதுபோல்
மலாயில் வாசித்தான்.
நானும் மலாயிலேயே திருப்பிச் சொன்னேன்.
இரண்டாம் கட்டு. மூன்றாம் கட்டு.
நான்காவதில் திரை முரண்டு பிடித்தது.
"எனாம்" என்றான்.
ஒன்பது அடித்திருந்தேன்.
"எனாம்."
மறுபடி ஒன்பது.
"ஆறு! ஆறு, ஆறு!
கண்ணாடியைப் போட்டுத் தொலை,
இழுப்பறையில், கத்தரிக்கோலுக்குக் கீழே."

அங்கேதான் இருந்தது.

அதற்குப் பிறகு தமிழில் வந்தன எண்கள்,
வாய்பாடு ஒப்பிக்கும் வேகத்தில்.
பூஜ்யம் என்று சொல்லாமல்
பள்ளியில் படித்தபடி
சுழியம் என்றான்.
எட்டாம் கட்டு முடிந்ததும்
இருவருக்குமே சொல்ல எண் இல்லை.

நீலம் போனது.
அப்டேட் கழன்றது.
கொஞ்சம் கறுப்பு, அதிகமாய்ப் பட்ட கறுப்பு,
பிறகு விசிறி மூச்சு வாங்கி
என் கோப்புகள் ஒவ்வொன்றாய்த் திரைக்கு வந்தன.
மூலையில் ஒரு பெட்டி:
மீண்டும் புதுப்பிக்கலாமா, இப்போதா, பிறகா?
பிறகு.

பிரிண்டரைச் செருகினேன்.
அவன் இன்னும் வைக்கவில்லை.
நாலாயிரத்து இருநூறு என்று
அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.
பிரிண்டர் ஓடும் சத்தத்தை
இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"விளையாட்டுப் போட்டியா?"
"ம்."
"ஆறுக்கும் ஒன்பதுக்கும் அடியில் கோடு போட்டாயா?"

பதினெட்டு வந்துகொண்டிருந்தது. நிறுத்தினேன்.
தட்டில் கிடந்த தாள்களில்
ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன்.
பிறகு இன்னொரு முறை திருப்பினேன்.