சொறியா, மீனா

பெயர் சூசைநாயகம். வயது ஐம்பத்தேழு.
ஊர் சின்னத்துறை. விசைப்படகு ஓட்டுநர்.
நர்ஸ் எழுதிக்கொண்டே கேட்டாள்:
"மீன் ஏதும் ஒத்துக்காம போகுமா?
இறால், நண்டு?"
புளோரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.
ராத்திரி முழுக்க ஜெபமாலை உருட்டிய விரலால்
வாயை மூடிக்கொண்டாள்.
"பிள்ளே, ஒத்துக்காட்டி நான் எப்பவோ
பட்டினி கெடந்து செத்திருப்பேனே."
மருந்து விட்டுப் படம் எடுப்பதால் கேட்பார்களாம்.
'இல்லை' என்று எழுதிக்கொண்டாள்.

முந்தின வாரம் ஓடச் சொல்லியிருந்தார்கள்,
மார்பெல்லாம் ஒயர் ஒட்டி,
ஓடியும் ஓரிடம் போய்ச்சேராத ரப்பர் பட்டையின் மேல்.
நங்கூரம் பாரில் சிக்கியது தெரியாமல்
இன்ஜினை முடுக்கிய ஒரு ராத்திரி ஞாபகம் வந்தது.
ஆறாவது நிமிடம் இடது தாடை வலித்தது.
காகிதத்தில் கோடு தொய்ந்திருந்தது.

அப்புறம் எக்கோ.
அந்தப் பேர் எனக்குப் பழக்கம்.
என் ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம்
இருபது வருஷமாக ஒன்று இருக்கிறது:
சத்தத்தைக் கீழே விடும்,
திரும்பி வருவதை வரையும்.
ஷர்மி என்கிற பெண் குளிர்ந்த பசை தடவி
விலா இடுக்கில் கருவியை அழுத்தியபோது
கழுத்தைத் திருப்பித் திரையைப் பார்த்தேன்.
கலங்கல் தண்ணீருக்குள்
ஏதோ திறந்து திறந்து மூடியது.
"எத்தனை பாகம் ஆழம்?"
"பதினாறு சென்டிமீட்டர்" என்றாள்.
இத்தனை கிட்டத்தில் நான் எதையும் தேடியதில்லை.

பிறகு மணிக்கட்டு வழியாக.
நாடியில் ஒரு குத்து,
தோள் வரை ஏதோ ஊர்வதாக நானே நினைத்துக்கொண்டது,
நெஞ்சுக்குள் ஒரு வெதுவெதுப்பு.
திரையில் கறுப்பாய்க் கிளைத்தது ஓர் ஆறு.
அடைமழைக்குத் தேங்காப்பட்டணம் பொழி உடைந்து
குழித்துறை ஆறு கடலில் சாடுமே,
அந்த அவசரம்.
மூன்று துடிப்பு. கரைந்துபோனது.

டாக்டர் ஜெபின் இரண்டு இடம் காட்டினார்.
வலது குழாயில் நூலிழைதான் மிச்சம்:
"இதுக்கு ஸ்டென்ட் வேணும், பேச்சே இல்லை."
மற்றது முன்பக்கக் குழாயில்.
"பார்க்க எழுபது சதவீதம். ஆனா
படத்தை மட்டும் நம்ப முடியாது."

அந்த இடத்தில்தான் ஆளை நம்பினேன்.
லட்சத்தீவுக்கு மேற்கே ஒருமுறை
எக்கோ திரை முழுக்கச் சிவப்பு.
பதினோரு பேரும் கூச்சல் போட்டு வலை இறக்கினோம்.
ஏறி வந்ததெல்லாம் சொறி.
ஒரு வாரம் கை அரித்தது.

தங்கூசி போல ஒரு கம்பி
அடைப்பைத் தாண்டிப் போயிற்று.
ஒரு மருந்து; மூச்சு முட்டி, விலகியது.
இந்தப் பக்கம் என்ன அழுத்தம், அந்தப் பக்கம் என்ன.
நீவாடு பார்க்கிற வேலைதான்,
கயிற்றுக்குப் பதில் கம்பி.
அத்தனை பேரும் ஓர் எண்ணுக்காக நின்றார்கள்.
பாயின்ட் எட்டு ஆறு.
"எட்டுக்குக் கீழே வந்தாத்தான் வைப்போம்.
இதை விட்டிருவோம். மாத்திரை போதும்."

புளோரிக்குச் சமாதானமில்லை.
"ரெண்டுன்னு சொல்லி ஒண்ணு வச்சிருக்காவ.
காப்பீட்டு அட்டையில காசு தீந்துபோச்சோ?"
தண்ணி ஓடுதுன்னு அளந்து பாத்தாச்சு, என்றேன்.
"அளந்தது அவியளுக்குத் தெரியும்.
ஒமக்கு என்ன தெரியும்?"

அதற்குப் பதில் இல்லை என்னிடம்.
இடது பக்கம் சாய்ந்து படுத்தால்
அந்த எழுபது விழித்துக்கொள்கிறது.
எண்பத்தாறைச் சொல்லிச் சொல்லி
அதைத் தூங்கப் பண்ணுகிறேன்.

படத்தை ஒரு சி.டி.யில் போட்டுத் தந்தார்கள்.
மகளின் லேப்டாப்பில் அதைச் சொருக இடமில்லை.
பக்கத்து வீட்டிலும் இல்லை.
பத்து நாள் அலமாரியில் கிடந்தது.

இன்று காலை மொட்டை மாடியில்
நெத்திலி காயப்போட்ட புளோரி
நடுவே ஒரு கம்பு நட்டு,
நூலில் அதைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள்.
மேல்காற்றில் சுழன்று சுழன்று மின்னுகிறது
வலது குழாய், முன்பக்கக் குழாய், எல்லாம்.
கைப்பிடிச் சுவரில் ஏழெட்டுக் காக்கைகள்.
ஒன்றும் கிட்டே வரவில்லை.