பென்சில் தேதி

மார்த்தாண்டம் மேம்பாலத்து நிழலில்,
செராக்ஸ் கடை மாடியில் என் ஆபீஸ்.
பக்கத்து பேக்கரி ஜெனரேட்டரிலிருந்து
ஒரு வயர் இழுத்திருக்கிறேன்.
அது ஒரு கணினியைத் தாங்கும்,
மின்விசிறியைத் தாங்காது.

தேதிகளுக்கென்று தனி நோட்டு.
சட்டம் முதலில் சொன்னது சிவப்பில்.
சுற்றறிக்கை வந்தபின் பச்சையில்.
நாகர்கோவிலில் யாரோ யாரிடமோ
"நீட்டிருவாவ ஓய்" என்று சொன்னதைப்
பென்சிலில்.

புயல் போன நாலாம் நாள்
நோட்டு முழுக்கப் பென்சில்.

குலசேகரம் சதாசிவன்
பில் புத்தகத்தைப் பிரித்து
ஒவ்வொரு தாளையும் ரப்பர் ஷீட் போல
கொடியில் உலர்த்திக் கொண்டு வந்தார்.
மை ஓடிய இடங்களில்
தொகையை ஞாபகத்திலிருந்து சொன்னார்.
ஒரு இடத்தில் நிறுத்தி,
"இது நான் குடுக்கணுமா, எனக்கு வரணுமா?"
என்று என்னையே கேட்டார்.

களியக்காவிளை ஷாஜஹானுக்கு இரண்டு கடை.
சாலைக்கு இந்தப்புறம் ஒன்று,
அந்தப்புறம் ஒன்று.
பதிவு எண் இங்கே முப்பத்து மூன்றில் தொடங்கும்,
அங்கே முப்பத்திரண்டில்.
ஒரே காற்று இரண்டு கூரையையும் பெயர்த்து
ஒரே வாழைத்தோட்டத்தில் போட்டது.
தகரத்தில் எது எந்தக் கடையுடையதென்று
அவருக்கே தெரியவில்லை.
எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஒன்பதாம் நாள் இரவு,
பதினொன்று நாற்பத்திரண்டுக்கு அறிக்கை வந்தது.
ஆங்கிலத்தில் நம் மாவட்டத்தை
மூன்று விதமாக எழுதுவார்கள்.
மூன்றையும் தேடுவேன்.
ஒரு எழுத்து கூடிவிட்டால்
கணினி கூசாமல் சொல்லிவிடும்,
அப்படி ஓர் ஊரே இல்லையென்று.

மூன்றாவது எழுத்துக்கூட்டில் கிடைத்தோம்.

முப்பத்து மூன்றுக்கு இருபது நாள்.
முப்பத்திரண்டுக்கு இன்னும் தாள் இல்லை.
தாக்கலுக்குத்தான் தவணை, வரிக்கு அல்ல
என்று அடியில் சின்ன எழுத்தில் இருந்தது.
இந்த மழையில்
வட்டி மட்டும் நனையவில்லை.
விடியும்வரை உட்கார்ந்து
பென்சிலை அழித்து அழித்துப்
பச்சையில் எழுதினேன்.
அழிப்பான் துகள் மடியெல்லாம்.
மொத்தம் நூற்றுப் பதினேழு பேர்.
சத்தியமாகச் சொல்கிறேன்,
அன்று காலைச் சாயா நன்றாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள்
குளச்சலிலிருந்து பெர்பெத்தா வந்தாள்.
வலை, கயிறு, எஞ்சின் உதிரி விற்கும் கடை,
ததேயுஸ் பெயரில்.
அந்த வாரம் ஆள் வரவில்லையென்று
சுக்கான் பிடிக்கத் தானே போனவர்.
அரிசிப் பையில் ஃபைல்களை அடுக்கி,
மேலே ஒரு துண்டு விரித்து மூடியிருந்தாள்.

"நாளு நீட்டியிருக்காவளாமே?"

"ஆமா. இருபது."

"அவங்களுக்கும் சேத்தா?"

பச்சைப் பேனா மூடியைத் திறந்து
மூடினேன்.

கணக்கு சரியாக இருந்தது.
டீசல் பில்கூடத் தேதி வாரியாக.
கடைசிக் கட்டம்வரை வந்து
வழக்கம்போல அழுத்திவிட்டேன்.
ஆறு இலக்க எண்ணை அனுப்பியாயிற்று,
பத்து நிமிடம் செல்லும் என்றது திரை.

"போன் குடுங்க."

"அது அவங்க சட்டைப் பையிலதான
போச்சு, ரெஜிலா."

எண்ணை மாற்ற வழி உண்டு.
அதற்கு அவரே வர வேண்டும்,
இல்லையென்றால் வாரிசு வர வேண்டும்.
வாரிசுக்கு ஒரு சான்றிதழ் வேண்டும்.
இருக்கிறார், இறந்தார் என்று
இரண்டே பொத்தான்கள்.
கீழே இன்னும் ஏதாவது இருக்குமோவென்று
வெற்றுத் திரையை
உருட்டிக்கொண்டே போனேன்.

நோட்டில் அவர் வரியைத் திறந்தேன்.
பச்சையை அழிக்க முடியாது.
பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன்,
தேதி எழுதவில்லை.

திரையில் நொடிகள் குறைந்துகொண்டிருந்தன.
அவள் அதையே பார்த்திருந்தாள்,
பிறகு குனிந்து, மெதுவாக,
"இந்த நம்பரு
அங்க போய்ச் சேந்திருக்குமா?" என்றாள்.

நேரம் முடிந்தது.
மறுபடி அனுப்பவா என்று கேட்டது.

அனுப்பினேன்.